பழைய கணினிக்கு ஜாகா யார்?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் வறட்சியாகத் தோன்றலாம். பல்கலைக்கழகங்களில் இருக்கும் பழைய கணினிகளை வீட்டிலிருந்தோ வேறு ஊரிலிருந்தோ இயக்குகிறார்களே, அதை எப்படிப் பத்திரமாகச் செய்வது என்பதுதான் தலைப்பு. "இது கணினிப் பிரிவில் வேலை செய்கிறவர்களின் கவலை. தோட்டத்தில் இருக்கும் நமக்கு என்ன வந்தது?" என்று சிலர் நினைக்கலாம். பீடோங் பக்கமிருந்து பேசிய ஒரு தாயார் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்துவிட்டார். அவருடைய மகள் பட்டம் பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. புதிய வேலைக்கு மனுச் செய்வதற்காக மதிப்பெண் பட்டியலின் நகலைக் கேட்டிருக்கிறார். "உங்கள் பதிவு பழைய சிஸ்டத்தில் இருக்கிறது, எடுத்துத் தர நாளாகும்" என்று பதில் வந்ததாம். "பழைய சிஸ்டம் என்றால் என்னங்க ஐயா? அதற்குள் இருக்கிற எங்கள் பிள்ளையின் விவரம் பத்திரமாக இருக்கிறதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழகத்திற்கும் வயதாகும். நம் கெடாவில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கப்பட்டது. முதலில் ஜித்ராவில் தற்காலிக வளாகம். 1990-இல் சிந்தோக்கிற்கு மாறியது. முதல் வருடத்தில் சேர்ந்த இருபது வயது இளைஞர் இன்று அறுபதைத் தாண்டியவர். செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001-இல் தோன்றியது. அதற்கே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இவற்றைக் குறை சொல்வதற்காகப் பெயர் சொல்லவில்லை. ஒரு பல்கலைக்கழகம் எத்தனை வருடத்துப் பிள்ளைகளின் கணக்கைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

நாற்பது வருடத்தில் கணினி எத்தனையோ தலைமுறை மாறிவிட்டது. ஒரு காலத்தில் தேர்வு முடிவுகளைப் பதிய ஒரு மென்பொருள் எழுதியிருப்பார்கள். பிறகு புதியது வரும். புதிய மாணவர்கள் புதியதில் போவார்கள். பழைய மாணவர்களின் பதிவு பழையதிலேயே தங்கிவிடும். ஏன் மாற்றவில்லை என்று கேட்பது சுலபம். பாடங்களின் குறியீடு மாறியிருக்கும், மதிப்பெண் போடும் முறை மாறியிருக்கும், அந்த மென்பொருளை எழுதியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். மாற்றும்போது ஒரு மாணவரின் 'பி' தவறிப்போய் 'சி' ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அதனால் "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக்கூடங்களிலும் இதே கதைதான். பெரும் விலை கொடுத்து வாங்கிய ஆய்வுக் கருவியை இயக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால், கருவி உயிரோடு இருக்கும் வரை அந்தக் கணினியும் இருந்தே ஆக வேண்டும். ஆகவே பழைய கணினியை வைத்திருப்பதை உடனே சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் செய்தவர்கள் கைவிட்ட பொருள் அது. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுவனம் பராமரிப்பை நிறுத்தியது. சர்வர் 2003-க்கு 2015 ஜூலை. விண்டோஸ் 7-க்கும் சர்வர் 2008-க்கும் 2020 ஜனவரி. அதற்குப் பிறகு ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தர வழக்கமாக யாரும் வரமாட்டார்கள். 2019 மே மாதத்தில் ஓர் அதிசயம் நடந்தது. வெளியிலிருந்து கணினியை இயக்க உதவும் 'ரிமோட் டெஸ்க்டாப்' வசதியில் ஒரு பெரிய ஓட்டை அகப்பட்டது. அதற்கு 'புளூகீப்' என்று பெயர் வைத்தார்கள். கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வந்துவிடலாம் என்ற அளவுக்கு மோசம். கைவிட்டு ஐந்து வருடம் ஆன எக்ஸ்பி-க்கும்கூட மைக்ரோசாப்ட் அப்போது மருந்து கொடுத்தது. இவ்வளவு பழைய கணினிகள் இன்னும் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அவர்களே ஒப்புக்கொண்டது போலத்தான் அது.

வாசல் எந்தப் பக்கம்?

இந்தப் பழைய கணினியை வெளியிலிருந்து ஏன் தொட வேண்டும்? சிந்தோக் வளாகம் அலோர் ஸ்டாரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர், தாய்லாந்து எல்லைக்குப் பக்கம். இப்படிப்பட்ட இடத்தில் நடுராத்திரியில் ஒரு கணினி நின்றுவிட்டால் அதைப் பார்க்கிறவர் அலோர் ஸ்டாரிலோ சுங்கை பட்டாணியிலோ படுத்திருப்பார். மென்பொருளை விற்ற நிறுவனம் கோலாலம்பூரில் இருக்கும். பிறகு 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. யாரும் வெளியே போகக்கூடாது, ஆனால் வேலை நடக்க வேண்டும். உலகம் முழுவதும் அந்த நாட்களில் நடந்தது இதுதான்: அவசரத்திற்கு ஒரு வாசலைத் திறந்தார்கள். அலுவலகக் கணினியை நேராக இணையத்தில் வைத்து, "வீட்டிலிருந்து பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு நுழையுங்கள்" என்றார்கள். தற்காலிகம் என்று சொல்லித் திறந்த வாசலுக்கு நிரந்தரமாகிவிடும் குணம் உண்டு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தோட்ட ஆபீசை நினைத்துப் பாருங்கள். பலகை வீடு, பழைய கதவு, ஓங்கி உதைத்தால் திறந்துகொள்ளும் பூட்டு. உள்ளே செக்ரோல் புத்தகம், சம்பளக் கணக்கு எல்லாம் இருக்கும். ஆனாலும் பெரிய கிராணி நிம்மதியாகத் தூங்குவார். காரணம், அந்த ஆபீசுக்கு வரவேண்டுமானால் முதலில் தோட்டத்துக் கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் ஜாகா இருக்கிறார். யார், எங்கே, எதற்கு என்று கேட்டு, புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் கம்பை உயர்த்துவார். இப்போது அதே ஆபீசின் பின்சுவரை உடைத்து, பெரிய சாலையைப் பார்த்து ஒரு கதவு வைத்தால் என்ன ஆகும்? பூட்டு அதே பூட்டுதான். ஆனால் சாலையில் போகிற எவனும் இப்போது அதை ஆட்டிப் பார்க்கலாம்.

இணையச் சாலையில் போகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. எந்த முகவரியில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று இரவும் பகலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். அவற்றுக்குச் சிந்தோக் என்றும் தெரியாது, சிகாகோ என்றும் தெரியாது. திறந்திருக்கிறதா என்பது மட்டுமே தெரியும்.

பின்லாந்தில் நடந்தது

இந்தத் தொல்லைக்கு மருந்து பிறந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1990-களில் தூரத்திலிருந்து ஒரு கணினிக்குள் நுழையப் பலரும் பயன்படுத்தியது 'டெல்நெட்' என்ற முறை. 1969-இல் உருவானது. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள். ஆகவே ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. நாம் தட்டும் கடவுச்சொல் டெல்நெட்டில் அப்படியே எழுத்து எழுத்தாகப் போகும். தபால் கார்டில் எழுதி அனுப்புவது மாதிரி. வழியில் யார் எடுத்தாலும் படிக்கலாம்.

1995-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருவர் வலையமைப்பில் ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டார். அந்த வழியாகப் போன கடவுச்சொற்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்துவிட்டன. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனென் என்பவர் இதைக் கண்டு, பேசுவது அனைத்தையும் பூட்டி அனுப்பும் ஒரு முறையைத் தானே எழுதினார். அதுதான் 'எஸ்எஸ்எச்'. அந்த ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். வருட முடிவுக்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சின்னத் தகவல் உண்டு. கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் கொடுக்கப்படும். கோப்பு அனுப்பும் பழைய முறைக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாகக் கிடந்தது. இலோனென் அதைக் கேட்டு மனுப் போட்டார், கொடுத்துவிட்டார்கள். இன்றுவரை உலகத்தின் சர்வர்களை எல்லாம் நிர்வகிக்கிறவர்கள் நுழைவது பெரும்பாலும் அந்த 22-ஆம் எண் வாசல் வழியாகத்தான்.

"அப்படியானால் பழைய கணினியிலும் எஸ்எஸ்எச் போட்டுவிட்டால் தீர்ந்தது அல்லவா?" என்று நிகழ்ச்சி நடத்துநர் கேட்டார். தீரவில்லை. எஸ்எஸ்எச்-சிலும் பழையது புதியது உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய கணினியில் இருக்கும் எஸ்எஸ்எச் அந்தக் காலத்துப் பூட்டுகளைத்தான் அறியும். அந்தப் பூட்டுகள் பலவீனமாகிவிட்டதால் புதிய பதிப்புகள் அவற்றை ஏற்க மறுக்கின்றன. 2015-இல் சிலவற்றை நிறுத்தினார்கள், 2021-இல் இன்னும் சிலவற்றை. ஆக, நேற்றுவரை பழைய கணினியோடு பேசிக்கொண்டிருந்த பொறியாளரின் மடிக்கணினி, புதிய பதிப்பு ஏறியதும் "இவனோடு பேசமாட்டேன்" என்று சொல்லிவிடும்.

இங்கேதான் பலர் கை வழுக்குகிறது. வேலை ஆக வேண்டுமே என்ற அவசரத்தில், "பழைய பூட்டையும் ஏற்றுக்கொள்" என்று ஒரு வரியை எழுதிவிடுகிறார்கள். எழுதுவதில் தவறில்லை, வேறு வழியும் இல்லை. எந்தக் கணினிக்கு என்று பெயர் குறித்து எழுதினார்களா, இல்லை எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிட்டார்களா என்பதில்தான் இருக்கிறது விஷயம். ஒரு கிழவருக்காக மெதுவாகப் பேசலாம்; அதற்காக ஊரில் எல்லோரிடமும் அப்படியே பேசுவார்களா? அந்த ஒரு கணினிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினால் சேதம் அதோடு நிற்கும். பொதுவாக எழுதிவிட்டால் புதிய கணினிகளின் பாதுகாப்பும் பழையதன் மட்டத்துக்கு இறங்கிவிடலாம்.

கான்பெராவில் ஒரு கிழட்டு சர்வர்

நம் தலைப்புக்கு மிக நெருக்கமான சம்பவம் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. கான்பெராவில் உள்ள பெயர்பெற்ற பல்கலைக்கழகம் அது. 2018 நவம்பர் 9-ஆம் தேதி மூத்த அலுவலர் ஒருவரின் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை யாரும் கிளிக்கூடச் செய்யவில்லை, முன்னோட்டமாகப் பார்த்ததோடு சரி. ஒரு கடவுச்சொல் திருடர்கள் கைக்குப் போய்விட்டது. உள்ளே நுழைந்தவர்கள் தங்குவதற்கு இடம் தேடினார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? பரிசோதனைக்காக ஏதோ மென்பொருளை ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய சர்வர். சீக்கிரம் கழித்துவிடலாம் என்று குறித்து வைத்திருந்தது. ஆனால் கழிக்கவில்லை. போதாக்குறைக்குப் பல்கலைக்கழக வலையமைப்பின் பல மூலைகளுக்கும் போகும் வழி அதற்குத் திறந்திருந்தது.

அங்கிருந்து ஊழியர், சம்பளம், மாணவர் பதிவுகள் இருக்கும் பகுதிக்குப் போனார்கள். 2019 மே மாதத்தில்தான் பல்கலைக்கழகத்திற்கு விஷயம் தெரிந்தது. ஜூன் 4-ஆம் தேதி துணைவேந்தர் பிரையன் ஷ்மிட் வெளிப்படையாக அறிவித்தார். இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர் அவர். 19 வருடத்துப் பதிவுகள், சுமார் 2 லட்சம் பேர் என்று முதலில் பயந்தார்கள். எடுக்கப்பட்டது அதைவிடக் குறைவு என்று பிறகு சொன்னார்கள். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், வந்தவர்கள் தங்கள் காலடித் தடங்களை அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அக்டோபரில் நடந்ததை நாள்வாரியாக எழுதி, யாரும் படிக்கலாம் என்று வெளியிட்டது பல்கலைக்கழகம். நம் ஊர் நிறுவனங்கள் அந்த அறிக்கையை ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவமானம் என்று மூடி வைத்திருந்தால் அந்த அனுபவம் வேறு யாருக்கும் பயன்பட்டிருக்காது.

இன்னொன்று நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகம். 2019 அக்டோபரில் ஒரு மோசடி மின்னஞ்சல் வழியாக நுழைந்தவர்கள், ஓட்டை அடைக்கப்படாத ஒரு சர்வரைக் கண்டுபிடித்து நவம்பரில் முழு அதிகாரமும் பெற்றார்கள். டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் போகிற நேரத்தில், 267 சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். பல்கலைக்கழகம் 30 பிட்காயின், அதாவது சுமார் 2 லட்சம் யூரோ, கப்பம் கட்டிச் சாவியை வாங்கியது. இதில் ஒரு வேடிக்கை: கட்டியதில் ஒரு பகுதியைப் போலீசார் முடக்கிப் பிடித்தார்கள். 2022-இல் திரும்ப வந்தபோது பிட்காயின் விலை ஏறியிருந்ததால் அந்தச் சிறு பகுதியே சுமார் 5 லட்சம் யூரோ மதிப்பாகியிருந்தது. கொள்ளை போனதில் லாபம் வந்த பல்கலைக்கழகம் அது ஒன்றாகத்தான் இருக்கும். அதை நம்பி நாமும் வாசலைத் திறந்து வைக்க முடியாது.

ஜாகா வீட்டில் என்ன இருக்க வேண்டும்?

பழைய கணினியைத் திருத்த முடியாது. அதற்குப் போகும் வழியைத் திருத்தலாம். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

முதலில் பழைய கணினியை இணையத்திலிருந்து உள்ளே இழுத்துவிட வேண்டும். அதற்கு வெளியுலக முகவரியே இருக்கக்கூடாது. உள்ளேயும் தனி வேலி போட்டு, மற்ற கணினிகளோடு கலக்காமல் வைக்க வேண்டும். பிறகு கேட்டில் ஒரே ஒரு புதிய, உறுதியான சர்வர். இதை 'ஜம்ப் சர்வர்' என்பார்கள். இதுதான் நம் ஜாகா வீடு. வீட்டிலிருந்து வருகிறவர் முதலில் இங்கே வந்து, தான் யார் என்று நிரூபித்து, இங்கிருந்துதான் பழைய கணினிக்குப் போக முடியும். பழைய கணினி இந்த ஜாகாவைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பழைய டெல்நெட் மட்டும் தெரிந்த கணினியாக இருந்தாலும், அந்தத் தபால் கார்டு ஜாகா வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவில் உள்ள சின்ன வேலிக்குள் மட்டும் போகும். சாலைக்கு வராது.

இரண்டு அடுக்குச் சோதனையும் இங்கேதான். பழைய கணினிக்குக் கைத்தொலைபேசியில் வரும் குறியீட்டெண் என்றால் என்னவென்றே தெரியாது, கற்றுக்கொடுக்கவும் முடியாது. ஜாகாவுக்குத் தெரியும். அவர் சோதித்துவிட்டு அனுப்பினால் போதும். ஒரு நேயர், தோட்டத்து உட்பகுதியில் லைன் கிடைக்காதே, எஸ்எம்எஸ் எப்படி வரும் என்று கேட்டார். நல்ல கேள்வி. எஸ்எம்எஸ் தேவையில்லை. முப்பது வினாடிக்கு ஒரு முறை எண் மாறும் செயலி ஒன்றை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டால், லைன் அறவே இல்லாத இடத்திலும் அது எண் காட்டும். நேரத்தையும் ஒரு ரகசியச் சாவியையும் வைத்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. மடிக்கணினிக்கு மட்டும் எப்படியாவது இணையம் கிடைத்தால் போதும்.

ஜாகா தூங்கினாலும் ஆபத்துதான். பல நிறுவனங்கள் கேட்டாக வைத்திருந்த 'பல்ஸ் செக்யூர்' என்ற விபிஎன் சாதனத்தில் 2019-இல் பெரிய ஓட்டை தெரிய வந்தது. மருந்தும் உடனே வந்தது. போடாமல் விட்டவர்களின் கடவுச்சொற்கள் திருடு போயின. பழைய கணினிக்கு மருந்து இல்லை என்பது விதி. கேட்டுக்கு மருந்து இருந்தும் போடாமல் விடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

சாவியை வைத்திருப்பவர்களிலும் கவனம் வேண்டும். 2020 மே மாதம் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த 'ஆர்ச்சர்' மீக்கணினியை மூட வேண்டி வந்தது. ஐரோப்பாவில் வேறு பல மீக்கணினிகளும் அந்த வாரத்தில் மூடப்பட்டன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. ஆய்வாளர்களின் எஸ்எஸ்எச் சாவிகளையும் கடவுச்சொற்களையும் திருடி, அவர்களைப் போலவே நுழைந்திருக்கிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் சாவி, படிப்பை முடித்த ஆய்வு மாணவரின் சாவி, ஒப்பந்தம் முடிந்த மென்பொருள் நிறுவனத்தின் சாவி, இவற்றை அன்றே திரும்ப வாங்குகிற வழக்கம் பல இடங்களில் இல்லை. அதிலும் 'அட்மின்' என்ற ஒரே பெயரை ஆறு பேர் பங்குபோட்டுக்கொள்வது மகா மோசம். தவறு நடந்தால் ஆறு பேரும் "நான் இல்லை" என்பார்கள். ஐந்து பேர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

ஜாகாவின் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் எப்போது வந்தார் என்ற பதிவேடு, பழைய கணினியிலேயே இருந்தால் பயனில்லை. கான்பெராவில் நடந்தது போல, வந்தவன் அழித்துவிட்டுப் போவான். 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞரைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. போனால் போகட்டும் என்று விடாமல் துருவினார். வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சு இயந்திரங்களைப் பொருத்தி, நுழைகிறவன் தட்டுவதை எல்லாம் காகிதத்தில் அச்சாக வைத்தார். கணினிக்குள் இருந்தவனுக்குக் காகிதத்தை அழிக்க முடியவில்லை. கடைசியில் பிடிபட்டவன் ஜெர்மனியில் உட்கார்ந்து சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்றுக்கொண்டிருந்தவன். இன்று காகிதம் வேண்டாம், பதிவேட்டை அந்தந்த நொடியே வேறொரு கணினிக்கு அனுப்பிவிட்டால் போதும். அதை யாராவது படிக்கவும் வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குத் தேர்வுப் பிரிவு கிராணி வெளிநாட்டிலிருந்து நுழைந்ததாக எழுதியிருந்தால், காலையில் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் அல்லவா?

பீடோங் தாயார் கேட்ட மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். அதற்கு அந்தப் பழைய கணினியே தேவையில்லை. பதிவுகளை வாசிக்க மட்டும் முடிகிற ஒரு நகலாக எடுத்து, புதிய சர்வரில் வைத்துவிட்டால், எழுத்தர் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கலாம். பழைய கணினியை அணைத்து, சந்தேகம் வந்தால் மட்டும் திறந்து பார்க்கலாம். எல்லாவற்றையும் புதிய சிஸ்டத்துக்கு மாற்றுவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியுமா?

இவ்வளவு கவலை எதற்கு என்றால், அந்தப் பழைய பதிவில் மதிப்பெண் மட்டும் இருப்பதில்லை. கான்பெராவில் திருடர்கள் தொட்ட பதிவுகளில் பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் விவரங்களோடு, ஆபத்து நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று மாணவர் எழுதிக் கொடுத்த தொடர்பும் இருந்தது. நம் பிள்ளைகள் அந்த இடத்தில் யாருடைய எண்ணை எழுதியிருப்பார்கள்? தோட்டத்தில் இருக்கும் அப்பா, அம்மாவின் எண்ணைத்தானே!

நம் அடையாள அட்டையின் 12 எண்களைப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கெடாவில் பிறந்த பலருக்கு அது 02. கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் பிறந்த ஊரையும் யார் மாற்றித் தருவார்? 2019 ஜனவரியில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2000 முதல் 2018 வரை பதிந்திருந்த 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக 'லோயாட் டாட் நெட்' செய்தி வெளியிட்டது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருந்தன. இப்படிப்பட்ட பட்டியல் கையில் இருப்பவன் ஒரு வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளையின் முழுப் பெயர், படித்த படிப்பு, முடித்த வருடம் எல்லாம் சரியாகச் சொல்லி, "பிடிபிடிஎன் கடன் பாக்கி இருக்கிறது, இன்றே கட்டாவிட்டால் வழக்கு" என்றால், பதறாமல் இருக்கிற பெற்றோர் எத்தனை பேர்? அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு.

சட்டமும் மாறிக்கொண்டு வருகிறது. திருத்தப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதற்கு உட்பட்ட நிறுவனங்கள் தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசுகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. திருடனுக்கு அரசுக் கணினி, தனியார் கணினி என்ற பேதம் இல்லையே.

கடைசியாகக் கூலிமிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். இணையத்தில் எதையோ தேடும்போது ஒரு கல்வி நிறுவனத்தின் பழைய நுழைவுப் பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்தாராம். "சும்மா 'அட்மின்', '12345' என்று போட்டுப் பார்த்து, திறந்தால் அவர்களுக்கே சொல்லிவிடலாமா சார்?" என்றார். தம்பி, எண்ணம் நல்லதுதான், ஆனால் வேண்டாம். 1997-ஆம் வருடத்துக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்று நீதிமன்றத்தில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். திரையை அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைய முகவரி, தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கும், சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் 'சைபர்999' சேவைக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அனுப்பியதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் பெட்டியில் மட்டும் எதையும் தட்டிப் பார்க்காதீர்கள்.